மோசல் பள்ளத்தாக்கில் ஒயின் ருசி பார்க்க எந்த வாசலைத் தட்டலாம்?

பிராங்க்பர்ட், கொலோன், லக்சம்பர்க் பக்கம் வசிப்பவர்களுக்கு ஜெர்மனியின் மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒரு வார இறுதித் தூரம்தான். ஊரிலிருந்து விருந்தினர் வரும்போது, அல்லது அலுவலக நண்பர்கள் சேர்ந்து கிளம்பும்போது, "அங்கே போய் ஒயின் ருசி பார்க்கலாமா?" என்ற பேச்சு எழும். சரி என்று தேடத் தொடங்கினால் நான்கு வழிகள் கண்ணில் படும். ஊர் நடுவே இருக்கும் வினோதெக் என்ற ஒயின் கூடம், கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும் ஒயின் திருவிழா, ஒயின் குடும்பங்கள் ஆண்டில் சில மாதங்கள் மட்டும் தங்கள் வீட்டில் திறக்கும் ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட் என்ற தற்காலிகக் கடை, அப்புறம் ஒரே குடும்பம் நடத்தும் சிறு ஒயின் பண்ணை. எங்கே போனாலும் பெரும்பாலும் ரீஸ்லிங் என்ற திராட்சை வகையில் செய்த வெள்ளை ஒயினைத்தான் ஊற்றித் தருவார்கள். ஆனால் உங்களுக்குக் கிடைக்கும் மாலைப்பொழுது இடத்துக்கு இடம் மாறும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரமில்லாமல் உட்கார்ந்து, கேள்வி கேட்டு, பேசிக்கொண்டே குடிக்க வேண்டும் என்றால், முன்கூட்டியே போன் செய்துவிட்டுக் குடும்பப் பண்ணைக்குப் போங்கள். ஆனால் அந்த வீட்டுக்காரருக்கு அன்று நேரம் இருக்க வேண்டும். கொடியைக் கவாத்து செய்பவர், மருந்து அடிப்பவர், பழம் பறிப்பவர், நிலவறையில் பீப்பாயைப் பார்த்துக்கொள்பவர், கடைசியில் உங்கள் கோப்பையில் ஊற்றுபவர் எல்லாரும் அங்கே ஒரே ஆள், மிஞ்சிப்போனால் ஒரே குடும்பம். அவர் ஓய்வாக இருக்கும் நாளில் போனால் அதைவிட நல்ல மாலை கிடையாது. அவர் ஓடிக்கொண்டிருக்கும் நாளில் போவதாக இருந்தால் மற்ற மூன்றில் ஒன்றே மேல்.

இந்தப் பள்ளத்தாக்கில் இவ்வளவு சிறு பண்ணைகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் எல்லாருக்கும் நிலத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கும் பாகப்பிரிவினை வழக்கம் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தது. அதனால் ஒரு குடும்பத்தின் கொடிகள் ஒரே இடத்தில் இல்லாமல், மலைச்சரிவில் இங்கே இரண்டு வரிசை, அங்கே நாலு வரிசை என்று சிதறிக் கிடக்கும். சரிவும் சாதாரணச் சரிவு அல்ல. பிரெம் என்ற ஊருக்கு மேலே இருக்கும் கால்மோன்ட் தோட்டம் சில இடங்களில் 65 பாகை வரை சாய்ந்து நிற்கிறது; ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். அங்கே டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து ஏறும் சின்ன வண்டியில் ஆளும் கூடையும் மேலே போக வேண்டும். பல சரிவுகளில் இன்றும் ஒவ்வொரு கொடியையும் தனித்தனிக் கம்பத்தில் கட்டுகிறார்கள். சமதளத் தோட்டத்துக்குத் தேவைப்படும் உழைப்பைப் போலப் பல மடங்கு இங்கே வேண்டும். பெரிய நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகாத இந்த உழைப்பைச் செய்துகொண்டிருப்பவை இந்தக் குடும்பங்கள்தான். அவர்கள் வீட்டு வாசலைத் தேடிப் போகச் சொல்வதற்கு இதுவே எனக்குப் போதுமான காரணம்.

வினோதெக்கும் திருவிழாவும்

வினோதெக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பெர்ன்காஸ்டல்-கூஸ், கோகெம், டிராபன்-டிரார்பாக் போன்ற ஊர்களில் பல பண்ணைகளின் ஒயினை ஒரே கூரையின் கீழ் வைத்து ஊற்றித் தரும் இடங்கள் உண்டு. முன்பதிவு பெரும்பாலும் வேண்டாம், ஆங்கிலம் பேசுவார்கள், அட்டையில் பணம் வாங்குவார்கள், பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடலாம். ரீஸ்லிங்கை இதுவரை குடித்தே இராதவர்களுக்கு, உங்கள் நாக்குக்கு இனிப்பு பிடிக்கிறதா புளிப்பு பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள இது நல்ல முதல் படி. முதல் நாள் வினோதெக், மறுநாள் பண்ணை என்று வைத்துக்கொண்டால் பண்ணையில் கேட்கும் கேள்விகள் கூர்மையாக இருக்கும். ஆனால் ஊற்றித் தருபவர் அந்த ஒயினைச் செய்தவர் இல்லை. "அந்த வருஷம் மழை எப்படி?" என்று கேட்டால் அவர் தகவல் சொல்வார், நடந்த கதையைச் சொல்ல அவரால் முடியாது.

பெர்ன்காஸ்டல்-கூஸ் வரை போனால் கூஸ் கரையில் இருக்கும் புனித நிக்கோலாஸ் இல்லத்தையும் பாருங்கள். நிக்கோலாஸ் என்ற கர்தினால் 1458-இல் முதியோருக்காக நிறுவிய இல்லம் அது. இன்றும் முதியோர் இல்லமாகவே இருக்கிறது. அதன் செலவுக்காகச் சொந்தத் திராட்சைத் தோட்டங்களும் உண்டு. ஒயின் விற்ற பணத்தில் முதியவர்களைக் காக்கும் ஏற்பாடு ஐந்து நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழச் செய்கிறது.

திருவிழா வேறு வகை. பெர்ன்காஸ்டல்-கூஸில் செப்டம்பர் தொடக்கத்து வார இறுதியில் நடக்கும் மத்திய மோசல் ஒயின் விழா இப்பகுதியில் மிகப் பெரியது. ஊர்வலம், ஒயின் ராணி, வாணவேடிக்கை, ஆற்றங்கரை முழுக்க ஒயின் கடைகள். சிற்றூர்களிலும் கோடை முழுவதும் தெருத் திருவிழாக்கள் நடக்கும். கூட்டமாகப் போய்ச் சிரித்துப் பேசிவிட்டு வர நல்ல இடம். ஒயினைக் கவனித்துக் குடிக்க ஏற்ற இடம் இல்லை. இசை காதை அடைக்கும், கோப்பையை முன்பணம் கொடுத்து வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைய வேண்டும், தங்க அறை கிடைப்பது கடினம். நிதானமான ருசி பார்ப்புதான் நோக்கம் என்றால் இதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

கிளை தொங்கும் வாசல்

உண்மையான போட்டி ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்டுக்கும் பண்ணையில் நடக்கும் ருசி பார்ப்புக்கும் இடையில்தான். இரண்டும் குடும்பங்கள் நடத்துபவை. பல நேரம் ஒரே குடும்பமே இரண்டையும் நடத்தும்.

ஷ்ட்ராவுஸ் என்பது ஒயின் செய்யும் குடும்பம் தன் முற்றத்திலோ கொட்டகையிலோ மேசை போட்டு, தான் செய்த ஒயினை விற்கும் தற்காலிகக் கடை. வாசலில் இலைக் கொத்தோ கிளையோ தொங்கினால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். சட்டம் இதற்கு உணவக உரிமம் கேட்பதில்லை. அதற்குப் பதிலாகக் கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறது. ஆண்டில் மொத்தம் 4 மாதம்தான் திறக்கலாம், அதையும் இரண்டு பருவங்களாகத்தான் பிரிக்கலாம், 40 இருக்கைக்கு மேல் கூடாது, சொந்த ஒயினைத்தான் ஊற்ற வேண்டும், சாப்பாடு எளிமையாக இருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் இடமாக இருந்தால் அது உரிமம் பெற்ற குட்ஸ்ஷெங்கெ. அங்கே சாப்பாட்டுப் பட்டியல் நீளும், விலையும் கொஞ்சம் கூடும்.

இங்கே முன்பதிவு இல்லாமல் போய் உட்காரலாம், வார இறுதியில் மட்டும் சொல்லிவிட்டுப் போவது நல்லது. ஒயினைக் கோப்பை கோப்பையாகக் கேட்டு வாங்கலாம். நால்வர் போனால் நான்கு வகை வாங்கி மாற்றி மாற்றிச் சுவைக்கலாம். அதுவும் ஒரு ருசி பார்ப்புதானே! குழந்தைகள் முற்றத்தில் ஓடலாம். அவர்களுக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் அந்த வீட்டிலேயே பிழிந்த திராட்சைச் சாறு பல இடங்களில் கிடைக்கும். கடையில் விற்கும் சாறோடு ஒப்பிடவே முடியாத சாறு அது. பக்கத்து மேசையில் உள்ளூர்க்காரர்கள் இருப்பார்கள். நீள மேசை என்பதால் இடம் கேட்டு அவர்களோடேயே உட்கார்வதும் வழக்கம்தான்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது சாப்பாடு. தட்டு என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியும் புகையூட்டிய ஹாமும்தான். சைவக்காரர்களுக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, சில இடங்களில் உருளைக்கிழங்கு கிடைக்கும். இலையுதிர் காலத்தில் வெங்காயப் பணியாரம் போன்ற ட்ஸ்வீபல்கூகன் வரும். பார்க்கச் சைவமாகத் தெரியும், ஆனால் உள்ளே பன்றிக் கொழுப்புத் துண்டுகள் இருப்பது சகஜம். கேட்டுவிட்டு வாங்குங்கள். அதனுடன் ஃபேடர்வைசர் தருவார்கள். இன்னும் புளித்துக்கொண்டே இருக்கும், கலங்கலான, இனிப்பான புது ஒயின் அது. பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவில் நிற்கும் பானம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சாறு போல இறங்கும், ஆனால் சாறு இல்லை. பாட்டிலை வாங்கினால் நிமிர்த்தியே வைக்க வேண்டும். வாயு வெளியேற மூடி இறுக்கமின்றி இருக்கும், காரில் படுக்கவைத்தால் இருக்கை நனைந்துவிடும்.

குறை ஒன்றுதான். ஒயின் செய்பவர் அன்று பரிமாறுபவராக இருப்பார். ஆறு மேசைக்கு ஓடுகிறவரிடம் மண்ணைப் பற்றிக் கேட்டால் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போவார். அது அவர் தவறில்லை.

பண்ணையில் உட்காரும்போது

போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போகும் வைன்ப்ரோப, அதாவது பண்ணையில் நடக்கும் ருசி பார்ப்பு, வேறு அனுபவம். வீட்டின் முன்னறையிலோ நிலவறைக்கு மேலிருக்கும் சின்ன அறையிலோ மேசை போட்டு, தண்ணீர், ரொட்டி, துப்புவதற்கு ஒரு கலயம், ஒயின் பட்டியல், ஒரு பென்சில் வைத்திருப்பார்கள். உங்கள் குழு மட்டும்தான். ஆறு, எட்டு வகை ஊற்றுவார்கள். இனிப்பில்லாத ட்ரோக்கனில் தொடங்கி, லேசான இனிப்புள்ள ஃபைன்ஹெர்ப், அப்புறம் காபினெட், ஷ்பேட்லேசே, அவுஸ்லேசே என்று இனிப்பு ஏறிக்கொண்டே போகும். இந்த வரிசை முக்கியம். இனிப்பை முதலில் குடித்துவிட்டால் ட்ரோக்கன் வெறும் புளிப்பாகத் தெரியும்.

மோசலில் இருக்கும் சுமார் 8,500 ஹெக்டேர் தோட்டத்தில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் ரீஸ்லிங். ஒரே பழம், ஒரே ஆண்டு, ஒரே கை. ஆனால் சரிவுக்குச் சரிவு ருசி மாறும். உர்ட்சிக் ஊரின் செம்மண்பாறையில் விளைந்ததையும், வேலன் ஊரின் சாம்பல்நீலப் பலகைக்கல்லில் விளைந்ததையும் பக்கத்துப் பக்கத்துக் கோப்பையில் வைத்துக் குடித்தால் வித்தியாசம் புதியவருக்கும் தெரியும். அந்தப் பலகைக்கல்தான் பகலில் வெயிலை வாங்கி வைத்து இரவில் கொடிக்குக் கொடுக்கிறது. இவ்வளவு வடக்கே, இவ்வளவு குளிரில் திராட்சை பழுப்பதற்குச் சரிவும் கல்லும் ஆற்றின் பிரதிபலிப்பும் சேர்ந்து உதவுகின்றன. இதை வினோதெக்கிலும் சொல்வார்கள். ஆனால் ஜன்னல் வழியே விரலை நீட்டி, "அதோ, அந்த வெள்ளைக் கல்லுக்கு மேலே இருக்கிற மூன்று வரிசை, அதுதான் உங்கள் கையில் இருக்கிறது" என்று காட்ட பண்ணைக்காரரால் மட்டுமே முடியும்.

கேட்கலாம் என்று நான் எப்போதும் சொல்லும் ஒன்று: "பழைய ஆண்டுப் பாட்டில் ஏதாவது திறந்திருக்கிறதா?" ரீஸ்லிங் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நன்றாக முதிரும். முதிர்ந்ததில் மண்ணெண்ணெய் வாடை லேசாக வரும். கெட்டுப்போய்விட்டது என்று முகம் சுளிக்க வேண்டாம், அது ரீஸ்லிங்கின் இயல்பு. சில வீடுகளில் நேரமிருந்தால் நிலவறைக்கும் கூட்டிப்போவார்கள். அங்கே ஃபூடர் என்ற, சுமார் 1,000 லிட்டர் பிடிக்கும் பழைய ஓக் பீப்பாய்கள் இருக்கும். சட்டையைக் கொஞ்சம் கனமாகப் போட்டுக்கொள்ளுங்கள், கோடையிலும் அங்கே குளிரும்.

பணம் பற்றியும் பேசிவிடலாம். சில பண்ணைகள் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்திருக்கும், பாட்டில் வாங்கினால் கழித்துக்கொள்ளும். சில வீடுகளில் கட்டணமே கேட்க மாட்டார்கள். கேட்காத இடத்தில்தான் நம் பொறுப்பு அதிகம். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து எட்டுப் பாட்டில் திறக்கவைத்துவிட்டு, "யோசித்துச் சொல்கிறோம்" என்று எழுந்து வரக் கூடாது. ஜோடியாகப் போனால் ஆறு பாட்டில் வாங்குவது மரியாதையான அளவு. அடிப்படை ரீஸ்லிங் பல வீடுகளில் பாட்டில் பத்து யூரோவை ஒட்டியே இருக்கும். அந்தச் சரிவில் ஏறி இறங்கும் உழைப்பைப் பார்த்தபிறகு அந்த விலை எனக்குக் குறைவாகவே படுகிறது. ரொக்கம் கொண்டுபோங்கள், அட்டை எல்லா வீட்டிலும் செல்லாது.

உண்மையிலேயே குடும்பப் பண்ணைதானா என்று பாட்டிலைப் பார்த்தே ஓரளவு அறியலாம். குட்ஸ்ஆப்ஃப்யூலுங் என்று அச்சிட்டிருந்தால் சொந்தத் தோட்டத்துப் பழத்தில் அந்தப் பண்ணையே செய்து அடைத்தது. எர்ட்சொய்கர்ஆப்ஃப்யூலுங் என்றிருந்தால் கூட்டுறவுச் சங்கமாகவும் இருக்கலாம். கூட்டுறவு ஒயின் மட்டமானது என்று இதற்கு அர்த்தமில்லை. சந்திக்கப் போகும் ஆள் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வேறுபாடு.

பெரிய குழுவுக்குப் பண்ணை மேசை ஒத்துவராது. எட்டுப் பேருக்கு மேல் போனால் பேச்சு இரண்டாகப் பிரியும், பண்ணைக்காரர் எந்தப் பக்கம் பேசுவது என்று திண்டாடுவார். சின்னக் குழந்தைகளுக்கும் ஒன்றரை மணி நேரம் மேசையருகே இருப்பது கொடுமை. குடிக்காதவர்கள் பாதிப் பேர் இருக்கும் குழுவிலும் அவர்கள் சங்கடப்படுவார்கள். இந்த மூன்றில் எது உங்கள் நிலை என்றாலும், யோசிக்காமல் ஷ்ட்ராவுஸுக்குப் போங்கள்.

எந்த மாதம், எந்த நாள்

தேதிதான் பாதி முடிவு. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடியும் வரை அறுவடை. அந்த நாட்களில் பண்ணைக்காரர் விடியலில் சரிவுக்குப் போய் இரவில் பிழிபொறியருகே நிற்பார். சுற்றுலாக்காரர்கள் அதிகம் வருவதும் அப்போதுதான், ஏனென்றால் மலை முழுக்கத் தங்க நிறமாக இருக்கும். காட்சிக்காக அப்போது வருபவர்கள் ஷ்ட்ராவுஸிலோ வினோதெக்கிலோ உட்காருங்கள், பண்ணை மேசையை எதிர்பார்க்காதீர்கள்.

என் விருப்பம் மே, ஜூன். முந்தைய அறுவடையின் இளம் ஒயின்கள் பாட்டிலுக்குள் வந்திருக்கும், ருசி பார்க்கப் புது ஆண்டு தயாராக இருக்கும், மாலை வெளிச்சம் ஒன்பது மணி தாண்டியும் நிற்கும். தோட்ட வேலையும் அப்போது மும்முரம்தான், ஆகவே பிற்பகல் நான்கு மணிக்கு மேல் நேரம் கேளுங்கள். நவம்பரும் நல்ல மாதம். குளிரும், ஆற்றில் மூடுபனி இருக்கும், பயணிகள் படகுகள் பெரும்பாலும் நின்றிருக்கும், ஆனால் அறுவடை முடிந்த நிம்மதியில் இருப்பவரிடம் பேச்சு நீளும். ஞாயிற்றுக்கிழமையும் மதிய ஓய்வு நேரமும் அவர்களுக்கு வீட்டு நேரம். கதவு திறந்திருந்தாலும் கேட்காமல் உள்ளே போக வேண்டாம். ஜெர்மன் தடுமாறினால் கவலையில்லை. இளைய தலைமுறை பெரும்பாலும் ஆங்கிலம் பேசும், மின்னஞ்சலில் நேரம் கேட்டாலும் பதில் வரும்.

வண்டியா, ரயிலா, அறையா

இதை ஒயினைத் தேர்வு செய்வதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஜெர்மனியில் இரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு ஆயிரத்துக்கு 0.5. ஓட்டுவதில் தடுமாற்றம் தெரிந்தாலோ விபத்து நேர்ந்தாலோ 0.3-க்கே வழக்கு வரும். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் புது உரிமக்காரர்களுக்கும் வரம்பு பூஜ்யம். எட்டுச் சின்னக் கோப்பைக்குப் பிறகு கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ருசித்துவிட்டுத் துப்புவது முறையானதுதான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் அதை நம்பி மலைப்பாதையில் காரை எடுக்க வேண்டாம்.

ரயில் வசதி ஓரளவு உண்டு. கோப்லென்ஸ்–டிரியர் தடத்தில் புல்லை நிலையத்தில் இறங்கி, கிளை ரயிலில் டிராபன்-டிரார்பாக் வரை போகலாம். அங்கிருந்து பெர்ன்காஸ்டலுக்குப் பேருந்து. கோகெம் அந்தப் பிரதான தடத்திலேயே இருக்கிறது. மாலைப் பேருந்துகள் குறைவு என்பதால் திரும்பும் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் ருசி பார்க்கும் நேரத்தைக் குறியுங்கள்.

இந்தச் சிக்கலை ஒரேயடியாகத் தீர்க்கும் வழியும் இருக்கிறது. மோசல் கரையில் பல ஒயின் குடும்பங்கள் மாடியில் விருந்தினர் அறைகள் வைத்திருக்கின்றன. அந்த வீட்டிலேயே இரவு தங்கினால் ருசி பார்ப்பு தனியாகக் கேட்க வேண்டியதாகவே இருக்காது. சாயங்காலம் தானாக நடக்கும். மேசையிலிருந்து எழுந்து படியேறினால் படுக்கை. காலையில் ரொட்டியும் தோட்டத்துப் பழத்தில் செய்த ஜாமும் வைத்திருப்பார்கள், முந்தின நாள் விட்ட பேச்சும் தொடரும். ஒரே நாளில் போய் வருவதா, தங்குவதா என்ற கேள்வியில் என் ஓட்டு உறுதியாகத் தங்குவதற்கே. ஒரே நாள்தான் முடியும், அதுவும் பிராங்க்பர்ட்டிலிருந்து என்றால் மோசல் வேண்டாம். இன்னும் பக்கத்தில் இருக்கும் ஒயின் பகுதிகளான ரைன்கவ் அல்லது ரைன்ஹெஸ்ஸன் பக்கம் ரயிலேறி ஒரு ஷ்ட்ராவுஸில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்; பயணத்தில் நாளைக் கரைப்பதைவிட அது நன்றாக இருக்கும்.

வாங்கிவரும் பாட்டில்களில் பாதியாவது காபினெட்டாகவோ ஃபைன்ஹெர்பாகவோ இருக்கட்டும். மேசையில் குடிக்கும்போது ட்ரோக்கன் கம்பீரமாகத் தோன்றும், கை அதற்குத்தான் போகும். ஆனால் வீட்டில் மீன் குழம்பும் மிளகுக் கறியும் வைத்துச் சாப்பிடும்போது ஆல்கஹால் அதிகமுள்ள ஒயின் காரத்தை இன்னும் எரியவைக்கும். இனிப்பு எஞ்சிய காபினெட்டில் பல நேரம் ஆல்கஹால் 8, 9 சதவீதம்தான்; அந்த இனிப்பு காரத்தைத் தணிக்கும், புளிப்பு புளிக்குழம்போடு ஒத்துப்போகும். நேரம் கேட்டு எழுதும்போதே "நாங்கள் காரமாகச் சாப்பிடுகிறவர்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், அதற்கேற்ற பாட்டில்களை எடுத்து வைத்திருப்பார்கள்.